அரண்மனைக் காவலனுக்கு ஷிப்ட் முடிந்தது

இந்த ஊரில் பதினோரு மணி ஆனால் எல்லோருக்கும் பசிக்கிறது. நார்வேயின் பேர்கன் நகரத்துக்கு வந்து நான்கு வருடமாகியும் எனக்கு இன்னும் அந்த நேரத்துக்குப் பசித்ததில்லை. போன மாதம் என் வகுப்புப் பிள்ளைகளின் நாடகம் நடந்துகொண்டிருந்தபோதும் பதினோரு மணி ஆனது. கதைப்படி, வலை பறிபோன மீனவப் பெண் ஒருத்தி, ராஜாவிடம் நியாயம் கேட்டு அரண்மனை வாசலில் வந்து நிற்கிறாள். காவலனாக நின்ற ஓலா ஈட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு, மாட்பாக்கே என்று இவர்கள் சொல்லும் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட ஆரம்பித்தான். மீனவப் பெண்ணாக நடித்த ஈடாவும் மரியாதையாக ஓரமாய் உட்கார்ந்துகொண்டாள். பார்க்க வந்த பெற்றோர்களும் கைகட்டிக் காத்திருந்தார்கள். என் பக்கத்தில் ரெக்டர். இங்கே தலைமையாசிரியைக்கு அதுதான் பெயர். என் தற்காலிக வேலையை நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று முடிவு செய்யத்தான் வந்திருந்தார்.

இதே கதையைத் திருவொற்றியூரில் என் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துப் போட்டிருக்கிறேன். பாடத்தை வாசித்தால் தூங்கிவிடுகிறார்கள், நடித்தாலாவது மண்டையில் ஏறுமா பார்ப்போம் என்று எச்.எம்.மிடம் கெஞ்சி வாங்கிய ஒரு மணி நேரம். பாதி நாடகத்தில் பக்கத்துக் கம்பெனியில் சங்கு ஊதியது. காவலன் டில்லிபாபு ஈட்டியை எடுத்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவன் கையில் திணித்தான்.

"மாமு, ஷிப்ட் முடிஞ்சிச்சி. நீ பாத்துக்கோ."

அவன் அப்பாவுக்குக் கம்பெனி கேட்டில் வேலை. கேட் என்றால் அவனுக்கு அப்படித்தான். புதுக் காவலன், மீனவப் பெண்ணாக நின்ற ஸ்டெல்லாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு அனுமதிச் சீட்டு கேட்டான்.

"பாஸ் கீதா?"

"இப்பதான அவன்கிட்ட அல்லாத்தையும் சொன்னேன்!"

"அவன் பூட்டான். மொதல்லேர்ந்து சொல்லு."

வகுப்பில் வாயே திறக்காத ஸ்டெல்லா, மனப்பாடம் செய்த செந்தமிழை உதறிவிட்டு இடுப்பில் கைவைத்தாள். "இன்னாய்யா, காலைலேர்ந்து நின்னுகினு கீறேன். நீங்க ஆளு ஆளா மாறிகினே கீறீங்க. என் வலைய எவன் குடுப்பான்?"

பார்க்க வந்த அம்மாக்கள் விசிலடித்தார்கள். ராஜாவே மிரண்டு சிம்மாசனத்தை விட்டு வாசலுக்கு ஓடி வந்தான். "உஷ், உஷ்" என்று கத்தியே எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஆனால் அந்தப் பாடத்தை அதற்குப் பிறகு நான் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பேர்கனில் ஓலா இரண்டாவது ரொட்டியை எடுத்தான். ரெக்டர் என் காதோரம், "அருமை. உழைப்பவருக்கு இடைவேளை உண்டென்று பிள்ளைகள் புரிந்துகொண்டிருக்கிறார்கள்" என்றார். காவலன் சாப்பிடட்டும், யார் வேண்டாம் என்றது? வாசலில் நிற்பவளைப் பற்றி ஒருவருக்கும் கவலையில்லையா? அத்தனை பேரும் அமைதியாகக் காத்திருந்தது எனக்குத் தாங்கவில்லை. என்னை அறியாமல் எழுந்துவிட்டேன்.

"டேய், துன்னது போதும்! அந்தப் பொண்ண உள்ள வுடுடா!"

அங்கே ஒருவருக்கும் தமிழ் தெரியாது. ஓலா ரொட்டியைக் கீழே போட்டுவிட்டுக் கதவைத் திறந்தான். ஈடா உள்ளே ஓடினாள். எழுதிக் கொடுத்த வசனம் மறந்துபோய், ராஜாவின் முகத்துக்கு நேரே "என் வலை எங்கே?" என்று கத்தினாள். எனக்குக் கண் கலங்கியது.

"உங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்றார் ரெக்டர்.

"இல்லை. நாடகம் பார்க்கிறேன்."

வேலை நிரந்தரமாகிவிட்டது. கூடவே அரங்கத்தின் கதவில் ஓர் அறிவிப்பும் வந்தது: 'நிகழ்ச்சியின்போது ஆசிரியர் கத்தக்கூடும்.' நம்மூரில் சொன்னால் சிரிப்பார்கள். இங்கே யாரும் சிரிப்பதில்லை, நின்று படித்துவிட்டு உள்ளே போகிறார்கள். எனக்கென்று நடுவரிசையில் ஓர் இருக்கை ஒதுக்கி, என் பெயரையும் பிழையில்லாமல் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். அதன் இரு பக்கமும் இரண்டிரண்டு இருக்கைகளைக் காலியாக விட்டுவிடுகிறார்கள்.