அலமாரியில் ஒட்டிய குதிரை

கடையில் அவளுக்கு ‘செட்டிங் அக்கா’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. மூன்று மாடி மரச்சாமான் கடை அது. இரண்டாவது மாடியில் ஆறு மாதிரி அறைகள். ஒவ்வொன்றுக்கும் மூன்றே சுவர், மேலே கூரை கிடையாது. அந்த ஆறையும் வீடாக மாற்றிக் காட்டுவதுதான் பன்னிரண்டு வருடமாக அவள் வேலை.

“இப்பத்தான் யாரோ எந்திரிச்சு டீ போடப் போன மாதிரி இருக்கணும்” என்பாள், புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம். பாதி திறந்த புத்தகம், சாய்ந்து கிடக்கும் தலையணை, மேசையில் ஒரு கோப்பை. எல்லாம் இருக்கும். எதையும் எடுக்கத்தான் முடியாது. விடுமுறை நாளில் கூட்டத்தோடு வரும் பிள்ளைகள் கையில் கிடைத்ததை இழுத்துப் போடுவார்கள் என்று, கோப்பையைச் சாஸரோடும் சாஸரை மேசையோடும் பசை வைத்து ஒட்டிவிடுவாள். கண் மூடித் திறப்பதற்குள் முடிகிற காரியம். கடைசியில் கட்டை விரலால் ஒரு அழுத்து.

ஊரார் வீட்டுக்கெல்லாம் அழகு சொல்கிறவள் வீட்டில் ஒரு திரைச்சீலைகூட ஒழுங்காகத் தொங்கவில்லை என்பது வேறு கதை. வாடகை வீடு, மூன்றாம் மாடியில் இரண்டு அறை, ஒரு சமையலறை. சாம்பலும் இல்லாமல் வெள்ளையும் இல்லாமல் வீட்டுச் சொந்தக்காரர் மனசைப் போலவே ஒரு நிறம் சுவருக்கு. ஆணி அடிக்கக் கூடாது என்பது வாடகைக்கு வந்த அன்றே போட்ட கட்டளை. “யாரு வந்து பாக்கப் போறாங்க?” என்று அவளும் விட்டுவிட்டாள். பார்க்க ஒரு பிள்ளை இல்லையே என்பதை அப்படித்தான் சொல்லிக்கொண்டாள்.

அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். கவலையைச் சிரிப்பாக மாற்றுவதில் கெட்டிக்காரன். குழந்தை ஒன்றைத் தத்தெடுக்க இருவரும் மனுப் போட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஒரு நாள் காலையில் கடிதம் வந்தது. ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்று இருக்கிறது. அடுத்த செவ்வாய்க்கிழமை வீட்டைப் பார்வையிட அதிகாரி வருவார். அவர் சரி என்று எழுதினால்தான் மேற்கொண்டு பேச்சு. அவன் கடிதத்தை இரண்டு தரம் படித்தான். அவள் வீட்டை ஒரு தரம் சுற்றிப் பார்த்துவிட்டு அழுதாள்.

“இந்த வீட்டப் பாத்தா நமக்குப் பூனைக்குட்டிகூடக் குடுக்க மாட்டாங்க” என்றாள்.

“நீதான செட்டிங் அக்கா? செட் பண்ணு. நான் தூக்குற வேலையப் பாத்துக்கறேன்.”

கையில் இருந்த பணம் குழந்தையின் கட்டிலுக்கும் மெத்தைக்குமே சரியாகப் போனது. மிச்சம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஆனால் இதில்தான் அவளுக்குக் கைதேர்ந்த பழக்கம். காசு உள்ளவர்கள் அறை முழுக்கக் கண்ணைக் குத்துகிற சாமான்களை வாங்கிப் போட்டுவிட்டு, ஏன் நிம்மதியாக இல்லை என்று கேட்பார்கள். பெரிய சாமானில் கையே வைக்கக் கூடாது என்பது அவள் கட்சி. ஒரே நிறத்தில், எடுப்பாக, சின்னதாய் மூன்று பொருள் போதும். கண் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும். நடுவில் இருக்கும் பழைய சோபாவை மறந்துவிடும்.

நிறம் மாம்பழ மஞ்சள் என்று முடிவானது. காரணம், கடையில் அந்த நிறம்தான் அரை டப்பா மீதி இருந்தது. கால் உடைந்து மூலையில் கிடந்த நாற்காலியை மேனேஜரிடம் பேசி வாங்கினாள். கணவன் காலைப் பொருத்தினான், அவள் மஞ்சள் அடித்தாள். கடையில் திரைச்சீலை வெட்டியதில் விழுந்த மஞ்சள் துண்டுகள் இரண்டு தலையணை உறைகளாயின. பழைய சாமான் கடையில் கிடைத்த கண்ணாடிக்குச் சட்டத்தில் மட்டும் மஞ்சள் பூசி, ஜன்னலுக்கு எதிரே சுவரில் சாய்த்து வைத்தாள். முன்னறைக்கு ஒரு ஜன்னல் இருந்தது இரண்டாயிற்று. ஆணியே அடிக்கவில்லை, வீட்டுக்காரர் வாயைத் திறக்க முடியாது.

குழந்தைக்கு ஒதுக்கிய அறையில், பழப்பெட்டிகளை அடுக்கி ஒரு அலமாரி செய்து, மூன்று பொம்மை வைத்தாள். மரப் பறவை, சின்ன மேளம், மஞ்சள் சேணம் போட்ட மரக்குதிரை. கதவருகே நின்று பார்த்தாள். குதிரையை அரை விரல் இடப்பக்கம் நகர்த்தினாள். கணவன் வாயைப் பிளந்து நின்றான்.

“இங்க நாம இருக்கலாமா, இல்ல டிக்கெட் வாங்கணுமா?” என்றான்.

செவ்வாய்க்கிழமை சொன்ன நேரத்துக்கு அதிகாரியம்மா வந்தார். ஐம்பது வயதிருக்கும். தட்டைச் செருப்பு, கையில் தடித்த ஃபைல், மூன்று மாடி ஏறிய மூச்சு. முன்னறையைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்ததை இவள் கவனித்தாள். “ரொம்ப அழகா இருக்கே, நீங்களே செஞ்சதா?” என்று கேட்டபோது இவளுக்குத் தலைகால் புரியவில்லை. பாதி வெற்றி என்று கணவனுக்குக் கண்ணைக் காட்டினாள்.

குழந்தையின் அறைக்கு வந்தார்கள். அதிகாரியம்மா கட்டிலை அழுத்திப் பார்த்தார், ஜன்னல் கம்பியை அசைத்துப் பார்த்தார். பிறகு, குழந்தை உள்ள வீட்டுக்குப் போகிறவர்கள் எல்லாரும் செய்வதைப் போல, சும்மா அந்தக் குதிரையை எடுக்கக் கையை நீட்டினார்.

குதிரை வரவில்லை. கொஞ்சம் பலமாக இழுத்தார். குதிரைக்குப் பதில் அலமாரியே ஆடியது. பறவையைத் தொட்டார், அதுவும் அசையவில்லை.

“இது... எடுக்க வராதா?”

இவள் குதிரையின் காலடியைக் குனிந்து பார்த்தாள். பசை. எப்போது ஒட்டினாள்? நினைவே இல்லை. பன்னிரண்டு வருடப் பழக்கம், கை அதுபாட்டுக்குச் செய்துவிட்டது. கட்டை விரலின் அந்தக் கடைசி அழுத்துகூட இப்போதுதான் ஞாபகம் வந்தது.

“கடையில வேலைங்க. பசங்க இழுத்துப் போட்டுருவாங்கன்னு எல்லாத்தையும் ஒட்டிருவோம். அதே கை...” என்றாள்.

அதிகாரியம்மா கோபப்படவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. ஃபைலில் ஏதோ எழுதினார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, “அந்தக் குழந்தை இருக்கற இடத்துல எதத் தொட்டாலும் கேட்டுட்டுத்தான் தொடணும். அங்க அறுபது பிள்ளைங்க, வேற வழியில்ல. வீடும் அப்படியே இருக்கக் கூடாதில்லையா?” என்றார். “நான் இன்னொரு தரம் வரேன். எப்பன்னு சொல்ல மாட்டேன்.”

கதவைச் சாத்தியதும் அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். “நானே கெடுத்துட்டேன்” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். கணவன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“ஊர்ல உள்ளவனையெல்லாம் பத்து மாடி தூக்கி விடறேன். என் வீட்டுல ஒரு குதிரையத் தூக்க முடியல பாரு.”

அவளுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. அவன் எழுந்து போய் ரம்பத் தகடு ஒன்றை எடுத்து வந்தான். பறவையும் மேளமும் சுலபமாக வந்தன. குதிரை வெளியே வந்தபோது அலமாரியின் மேல்தோலும் உள்ளங்கை அகலத்துக்குப் பிய்ந்து வந்தது. மேலே பெயிண்ட் அடிக்கப் போனவளைத் தடுத்து, “அப்படியே இருக்கட்டும் விடும்மா” என்றான்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் இருவரும் குடியிருக்கப் பழகினார்கள் என்று சொன்னால் வேடிக்கையாக இருக்கும், ஆனால் அதுதான் உண்மை. மஞ்சள் நாற்காலியில் அவன் உட்கார்ந்து ஷூ போட்டான். தலையணையைத் தலைக்கு வைத்துப் படுத்தான். கலைந்ததைச் சரிசெய்ய அவள் கை பரபரக்கும். அப்போதெல்லாம் சமையலறைக்குப் போய்விடுவாள். சில நாள் மூன்று தரம் போனாள்.

பதினெட்டாம் நாள், யாரும் எதிர்பாராத ஒரு காலையில், அதிகாரியம்மா வந்து நின்றார். நாற்காலியில் ஈரத் துண்டு. சோபாவில் ஸ்பேனர் பெட்டி. தலையணை உறையில் டீக் கறை. அவள் அவமானத்தில் துண்டை எடுக்க ஓடினாள். அவர் அதைப் பார்க்கவேயில்லை. நேரே உள்ளே போய்க் குதிரையைத் தூக்கினார், திருப்பிப் பார்த்தார், அலமாரியின் காயத்தை விரலால் தடவினார்.

“டீ இருக்கா?” என்று கேட்டார். மூன்று பேரும் உட்கார்ந்து குடித்தார்கள்.

ஒரு மாதம் கழித்துக் குழந்தை வந்தாள். கையில் பளீரென்ற ரோஸ் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. அவளுக்கென்று இருந்த சொத்து அது ஒன்றுதான். மஞ்சளுக்கும் அதற்கும் ஏழாம் பொருத்தம். கடையாக இருந்தால் செட்டிங் அக்கா அதைப் படியேறவே விட்டிருக்க மாட்டாள்.

குழந்தை அறை வாசலிலேயே நின்றாள். “இத எங்க வைக்கணும்?”

பன்னிரண்டு வருடமாக ஊரே அவளிடம் கேட்ட கேள்வி அது. ஒரு தரம்கூட அவள் பதிலுக்குத் தடுமாறியதில்லை. இப்போது குழந்தையின் உயரத்துக்குக் குனிந்தாள்.

“உனக்கு எங்க பிடிக்குதோ அங்க வைடா கண்ணு. நாளைக்கு மாத்தணும்னா மாத்திக்கோ.”

“கேக்காமலா?”

“கேக்காமத்தான்.”

குழந்தை அறையைச் சுற்றி வந்தாள். மேளத்தைத் தட்டிப் பார்த்தாள். குதிரையை எடுத்துக் கட்டிலில் போட்டாள். அது நின்ற இடத்தில், பிய்ந்துபோன அந்தத் தழும்பின் மேல், ரோஸ் டப்பாவை வைத்துவிட்டு, கட்டை விரலால் லேசாக ஒரு அழுத்து அழுத்தினாள். பிறகு உடனே அதைத் தூக்கிப் பார்த்தாள், வருகிறதா என்று. வந்தது. மறுபடி வைத்தாள்.

“கலர் சேரலையேம்மா” என்று கணவன் மனைவியின் காதருகே சொன்னான்.

“நீங்க பேசாம இருங்க” என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. அன்று அவள் எதையும் நகர்த்தவில்லை.