இன்ஜினுக்கு அடியில் ஒரு எலுமிச்சம்பழம்

கத்தோலிக்கர்கள் காருக்கு முன்னால் எலுமிச்சம்பழம் கட்டித் தொங்கவிடுவது உபதேசியார் ஹியூபர்ட்டுக்கு ஆகவே ஆகாது. ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் மறைபரப்புக் குழு உறுப்பினர் ட்ரெவரின் புதுக் காரிலிருந்து பழத்தைப் பேனாக்கத்தியால் அறுத்து, "தண்ணியில பிழிஞ்சு குடிங்க, உடம்புக்கு நல்லது" என்று அவர் கையிலேயே கொடுத்தார். ட்ரெவர் அதை மறக்கவில்லை.

ஹியூபர்ட்டுக்கு இப்போது அறுபத்து மூன்று வயது. மலேசியாவில் கலும்பாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். ஆற்றுத் தண்ணீரைத் தொழிலாளர் லயங்களுக்கு ஏற்றும் இன்ஜின் கொட்டகையில் பதினேழு வயதில் சேர்ந்து இருபத்து நான்கு வருடம் வேலை பார்த்தார். தோட்டம் வீடமைப்புக்காரர்களிடம் போனபோது கோல சிலாங்கூருக்கு வந்தார். அன்றிலிருந்து சுங்கை செம்பிலாங் மீனவர்களின் படகு இன்ஜின்கள்தான் பிழைப்பு. ஞாயிறு காலையில் மட்டும் டீசல் வாசனையைக் கழுவிவிட்டுப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தார். அது இருபது வருடம்.

அதே தோட்டத்தில் கணக்கெழுதிய கிராணியின் மகன் கில்பர்ட். குருவாகி, பாப்புவா நியூகினி மலைகளில் ஓர் ஏழை மறைமாவட்டத்தில் ஒன்பது வருடமாக இருக்கிறார். மறைமாவட்டம் என்றால் பெரிதாகத்தான் தோன்றும். அங்கே ஆயருடைய ஜீப்பையே வாரத்தில் இரண்டு நாள் தள்ளித்தான் கிளப்ப வேண்டும். எங்கள் கோயிலிலிருந்து வருடம் தவறாமல் அவருக்கு ஒரு பெட்டி ஜெபமாலை போகும். வருடம் தவறாமல் அவரும் நன்றிக் கடிதம் எழுதுவார்.

சென்ற வருடக் கடிதம் வேறு மாதிரி இருந்தது. ஊற்று பள்ளத்தில், பள்ளிக்கூடம் மேட்டில். மழை நின்றுவிட்டால் மாணவிகள் நாளுக்கு இரண்டு முறை பாறை வழியே இறங்கித் தண்ணீர் தூக்குகிறார்கள். கோடையில் ஒரு பெண் வழுக்கி விழுந்து இறந்துவிட்டாள். பன்னிரண்டு வயது. "ஜெபமாலை போதும். முடிந்தால் ஒரு பம்ப் அனுப்புங்கள்" என்று முடித்திருந்தார்.

ஹியூபர்ட் ஒரு பழைய படகுக் கொட்டகையில் டீசல் இன்ஜின் ஒன்றைத் தேடிப் பிடித்தார். ஆறு வாரம் அதைப் பிரித்துக் கோத்தார். கூட நின்றவர் சன்னாசி. ஒரே லயத்தில் வளர்ந்தவர், லோரி ஓட்டுபவர், ஞாயிற்றுக்கிழமைகளில் முனீஸ்வரர் கோயில் கமிட்டி. மரப்பெட்டியை மூடும் நாளில் சன்னாசி ஆணி எடுக்கப் போன நேரம், ஹியூபர்ட் சட்டைப் பையிலிருந்து குங்குமம் தடவிய ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்துச் சக்கரத்துக்கு அடியில் வைத்தார்.

தோட்டத்தில் பழம் வைக்காமல் எந்தப் புது இன்ஜினையும் கிளப்பியதில்லை. ஒரே ஒரு முறை வைக்காமல் கிளப்பினார்கள். பெல்ட் ஒருவர் கையை வாங்கிக்கொண்டது. கை போனதற்குக் காரணம் பழம் இல்லாதது அல்ல, பெல்ட்டுக்கு மூடி இல்லாதது என்று ஹியூபர்ட்டுக்கு நன்றாகத் தெரியும். அதனால் இந்த இன்ஜினுக்கு மூடியும் போட்டார், பழமும் வைத்தார்.

அழுகிய பழத்தையும் அதில் நெளிந்த புழுவையும் பாப்புவா நியூகினித் துறைமுக அதிகாரிகள் கண்டுபிடித்தார்கள். வெளிநாட்டுப் பழம் அங்கே உள்ளே வரக் கூடாது. வைத்தது யார், ஏன் என்று கையெழுத்திட்ட படிவம் பதினான்கு நாளில் வராவிட்டால் பெட்டி திரும்பிவிடும். ஃபாதர் கில்பர்ட்டின் செய்தி ஒரு வரிதான்: "கோடை தொடங்கிவிட்டது, பிள்ளைகள் மறுபடி இறங்குகிறார்கள்."

கோயில் மண்டபத்தில் மறைபரப்புக் குழு கூடியது. தலைவி யூஜினியா டீச்சர். ஹியூபர்ட்டை யாரும் சந்தேகிக்கவில்லை. அவரைச் சந்தேகிப்பதற்கு ஒரு தனிக் கற்பனை வேண்டும். சன்னாசியை வரச் சொல்லியிருந்தார்கள்.

"சன்னாசி, நீங்க வச்சீங்களா?"

சன்னாசி ஒரு முறை ஹியூபர்ட்டைப் பார்த்தார். "ஏன் டீச்சர், எலுமிச்சம்பழம்னாலே நானா?"

"தப்பா எடுத்துக்காதீங்கலா. உங்க வழக்கம்தானே. ஒரு கையெழுத்துப் போட்டா பெட்டி வெளிய வந்துரும்."

"நெசமா வந்துருமா?"

"வந்துரும்."

"அப்ப குடுங்க பேனாவ. அந்தப் பிள்ளைங்க தண்ணி தூக்குறது நிக்கட்டும்."

ஹியூபர்ட் அந்தக் காகிதத்தைப் பார்த்தார். காகிதத்தில் யார் பெயர் இருந்தாலும் குழாயில் வருவது அதே தண்ணீர்தான். அந்த நினைப்பில் தவறே இல்லை. அவருக்கு அதுதான் சிக்கல்.

"காரணம்னு போட்டிருக்கே, என்ன எழுத?" என்றார் சன்னாசி.

"மூடநம்பிக்கைன்னு எழுதிருங்க, முடிஞ்சிரும்."

சன்னாசி பேனாவை மேசைமேல் வைத்தார். "கையெழுத்துப் போடுறேன் டீச்சர். அத எழுத மாட்டேன்."

ஹியூபர்ட் எழுந்து வந்து பேனாவை எடுத்தார். "வச்சது நான்."

யாரோ சிரித்தார்கள், வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று. பிறகு சிரிப்பு நின்றது.

"என் கார்ல கட்டுனத அறுத்தீங்களே உபதேசியாரே!" என்றார் ட்ரெவர்.

"அறுத்தேன்."

"பிழிஞ்சு குடிக்கச் சொன்னீங்க."

"சொன்னேன்."

காரணம் என்ற இடத்தில், 'இந்த இன்ஜின் யாரையும் காயப்படுத்தக் கூடாது என்பதற்காக' என்று எழுதித் தன் பெயரைப் போட்டார். இருவரும் சன்னாசியின் லோரியில் திரும்பினார்கள்.

"நீங்க வைக்கிறத நான் பாத்தேண்ணே" என்றார் சன்னாசி.

"அப்புறம் ஏன்டா சொல்லல?"

"என் பழமா அது, நான் சொல்றதுக்கு?"

ஞானோபதேச வகுப்பை ஹியூபர்ட் தானாகவே விட்டுவிட்டார். இப்போது நடத்துபவர் ட்ரெவர். அவர் காரில் அதன்பிறகு எதுவும் தொங்கவில்லை என்பது விசித்திரம்.

துறைமுகத்தில் மருந்துப் புகை போட்டுப் பெட்டியை விட்டார்கள். ஐந்தாம் வாரம் ஃபாதர் கில்பர்ட் கைபேசியில் முகம் காட்டினார். பின்னால் இன்ஜின்; அதற்கும் பின்னால், பழக்கம் விடாமல், தண்ணீர் டின்களோடு மாணவிகள்.

"ஸ்டார்ட் பண்ணலாமாண்ணே? ஜெபம் சொல்லியாச்சு."

"பெல்ட்டு மூடி?"

"போட்டாச்சு."

"அந்தப் பிள்ளைங்களத் தள்ளி நிக்கச் சொல்லுங்க ஃபாதர்."

தள்ளி நின்றார்கள். இன்ஜின் இரண்டு முறை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. தண்ணீர் அந்தப் பாறையைத் தாண்டி மேலே வரக் கால் மணி நேரம் ஆகும் என்றார் ஃபாதர். ஹியூபர்ட் கைபேசியை இரண்டு கையாலும் பிடித்தபடி, அந்தக் கால் மணி நேரமும் நின்றுகொண்டே இருந்தார்.