கையெழுத்துப் போடாத அம்மா

குன்னூர் ஏலத்தில் தேயிலை விலை விழுந்து, எங்கள் எஸ்டேட்டை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு பரவியிருந்த சமயம். நான் ஆபீஸ் கிளார்க். பெண்களின் புகார்களைக் கேட்கும் கமிட்டியில் கொழுந்து பறிக்கும் ஓர் அம்மாவும் இருந்தார். இலங்கையிலிருந்து வந்த குடும்பம். ஒல்லியான உடம்பு, கறை ஏறிய விரல்கள். எதில் கையெழுத்துக் கேட்டாலும் எழுத்துக் கூட்டி முழுவதும் படித்துவிட்டுத்தான் போடுவார்.

தேயிலை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் எஸ்டேட்டைப் பார்வையிட வருமுன், 'புகார் எதுவும் இல்லை' என்ற தாளை மேனேஜர் நீட்டினார். அந்த அம்மா படித்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார்.

"மேல்காட்டுல வேலை வாங்குற மேஸ்திரி பொம்பளைங்கள தனியா ஸ்டோருக்குக் கூப்பிடுறாரு. அத எழுதுங்க தொரை."

"இந்த ஆர்டரும் போச்சுன்னா எஸ்டேட்டையே மூடணும். எல்லாரும் பட்டினிதான். பரவாயில்லையாம்மா?"

"பட்டினின்னா எல்லாரும் சேந்து கெடப்போம் தொரை. இத ஒவ்வொருத்தியும் தனியால்ல அனுபவிக்கிறா."

மேனேஜர் கோபப்படவில்லை, சிரித்தார். மறுநாள் அந்த அம்மாவை அதே மேஸ்திரியின் கீழ் மேல்காட்டுக்கு மாற்றும் உத்தரவை நான்தான் டைப் அடித்தேன்.

"போகாதீங்கம்மா, லீவு போடுங்க" என்று மெல்லச் சொன்னேன்.

"நான் லீவு போட்டா அங்க உள்ள பொம்பளப் புள்ளைங்க என்னய்யா செய்யும்?"

கூடையை மாட்டிக்கொண்டு பனிமூட்டத்துக்குள் ஏறிப் போனார்.

கமிட்டியில் இருந்த வேறொருத்தியின் கையெழுத்தோடு தாள் தயாரானது. அந்த மாதமே நான் வேலையை விட்டேன். மேல்காட்டில் அந்த அம்மாவுக்கு என்ன ஆனது என்று இன்றுவரை யாரிடமும் கேட்டதில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை.