டிராலிக்குப் பழசு போதும்

கடைக்கு வருகிறவரின் வண்டியை டிரேவர் முதலில் பார்ப்பதில்லை. செருப்பைத்தான் பார்ப்பார். "கழட்டி அடிய காட்டுங்க சார்." என்னுடையது குதிகாலின் வெளிப்பக்கம் தேய்ந்திருந்தது. "திருப்பத்துல பிரேக் அடிக்கிற ஆளு நீங்க" என்றார். செருப்புக்கும் பிரேக்குக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்டதில்லை. அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார். காற்று அடிப்பதைவிட அதற்கு அதிக நேரம் பிடிக்கும்.

பிரேசர் டவுனில் ஒரு சந்து முனையில் அவருடைய டயர் கடை. அறுபதைத் தாண்டியவர். மேலே இஸ்திரி மடிப்புக் கலையாத அரைக்கைச் சட்டை, கீழே கறுத்துப்போன கால்சட்டை. இரண்டு பேரை ஒட்டவைத்ததுபோல் இருப்பார். ஆட்டோக்காரரிடம் கன்னடம், எதிர் மீன்கடை நயாஸிடம் உருது, என்னிடம் தமிழ், பஞ்சரான டியூபைத் திட்டுவதற்கு ஆங்கிலம்.

எதிலும் அவருக்கு ஒரு தீர்ப்பு உண்டு. அதில் அசைக்க முடியாதது டிராலி பற்றியது. ஏரியாவுக்குத் தண்ணீர் கொண்டுவரும் டிராக்டர்களுக்கு நல்ல டயராகப் பொறுக்கித் தருவார். பின்னால் இழுபடும் டேங்கர் டிராலிக்குக் கழற்றிப்போட்ட டயர்தான். "அதுக்கு இன்னா சார், இன்ஜினா இருக்குது? இஸ்த்த பக்கம் வரும். பழசு போதும்." இந்த ஊரில் எல்லா டயர் கடையிலும் இதுதான் வழக்கம். அவர் வாயில் மட்டும் அது வேதவாக்கு மாதிரி வரும்.

அவர் மகள் மோனிகா கனடாவில் இருக்கிறாள். அவளும் கணவன் கிஷோரும் தோசைக்கடை ஒன்றை டிரெய்லரில் ஏற்றி, காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு திருவிழா திருவிழாவாகப் போகிறார்கள். இந்த ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, உறைந்துபோன ஏரிக்கரையில் நடக்கும் சந்தைக்குப் போவதாக ஏற்பாடு. வழி முழுக்கப் பனி இறுகிய சாலை. டயர் தேர்ந்தெடுக்கும் வேலையை டிரேவர் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

பல நாள் எனக்குக் காற்றோடு பாடமும் கிடைத்தது. "நம்ம டயரு அந்தக் குளிர்ல கல்லாயிடும் சார். அங்க போடுறது வேற ரப்பரு, எவ்ளோ குளுந்தாலும் மெத்துன்னு இருக்கும். நாலும் ஒரே செட்டா இருக்கணும். பின்னாடி கொக்கில டிரெய்லர் வெயிட்டு உக்காரும், அத தாங்குதான்னு லோடு நம்பர் பாக்கணும்." காருக்கு அவர் சொன்ன நான்கும் நல்ல தேர்வுதான் என்று அங்கிருந்த கடைக்காரரே சொன்னாராம். டிரெய்லருக்கு? "பழசு போதும்னு சொல்லிட்டேன்."

அந்தச் சனிக்கிழமை மாலை நான் போனபோது சந்தில் சின்னக் கூட்டம். நயாஸிடம் ஐஸ் பாளங்கள் வாங்கி, ஒன்றை ஒட்டி ஒன்றாகத் தரையில் போட்டிருந்தார் டிரேவர். கம்ப்ரஸர் ஏற்றிய கைவண்டியை அதன்மேல் நிறுத்தி, கயிறு கட்டி இழுத்துக்கொண்டிருந்தார். "அங்க ரோடு எப்டி இருக்கும்னு பாக்கலாம்னுதான் சார்." வண்டி சாதுவாக வந்தது. அவர் சட்டென்று நின்றார். வண்டி நிற்கவில்லை. பின்பக்கம் ஒருபுறமாகச் சுழன்று வந்து, அவர் முழங்காலுக்குக் கீழே எலும்பில் இடித்தது. ஆட்டோக்காரர்கள் கைதட்டிச் சிரித்தார்கள்.

டிரேவர் சிரிக்கவில்லை. காலைத் தடவவும் இல்லை. "நான் நின்னுட்டேன். அது நிக்கல சார்" என்றார். அதன் தேய்ந்த சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "புடிமானம் இல்லன்னா அதுபாட்டுக்குக் கார தள்ளிட்டுப் போயிடும்."

அங்கே அப்போது விடிகிற நேரம். அவர்கள் கிளம்புகிற நேரம். போன் போட்டார். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டார். பஞ்சர் ஒட்டக் காத்திருந்தவர் ஏதோ கேட்டதற்கு, இரு என்று கையை மட்டும் காட்டினார். முகம் தெரியாத ஒரு பெண் பிரேக்கில் கால் வைத்துவிடக் கூடாதே என்று அந்தச் சந்தில் நின்றுகொண்டு நான் வேண்டிக்கொண்டேன்.

அவளே திருப்பிக் கூப்பிட்டாள். திரையில் குல்லாயும், குளிரில் வாயிலிருந்து வந்த புகையும்தான் தெரிந்தன.

"மோனி, கெளம்பாத. வண்டிய எடுக்காத."

"இன்னா டாடி, இன்னா ஆச்சு?"

"டிரெய்லருக்குப் பழசு போதும்னு சொன்னேனே, அது தப்பு. அதுக்கும் பனி டயர்தான் போடணும். சந்த போனா போவட்டும்."

மோனிகா மெதுவாகச் சொன்னாள். "நீங்க சொன்ன அன்னிக்கே அதுக்கும் பனி டயரே போட்டுட்டோம் டாடி. சொன்னா கோச்சுக்குவீங்கன்னு சொல்லல. மம்மிக்குத் தெரியும்."

கூட்டம் அவர் முகத்தைப் பார்த்தது. டியூபைத் திட்டும் ஆங்கிலம் வரும் என்றுதான் நானும் எதிர்பார்த்தேன்.

"காட்டு" என்றார்.

அவள் போனைத் திருப்பினாள். பனியில் நின்ற டிரெய்லரின் சக்கரம் தெரிந்தது. "கீழ, இன்னும் கீழ" என்று சொல்லிக்கொண்டே டிரேவர், உருகி ஓடிய ஐஸ் தண்ணீரில் கால் நனைய, சந்தில் குந்தி உட்கார்ந்தார். போனைத் தரையோடு பிடித்து, கன்னம் மண்ணில் படுகிற அளவுக்குத் தலையைச் சாய்த்து, அந்த டிரெய்லரின் அடியில் பார்த்தார்.