ரிலீவர் வராத மதியம்

எங்கள் நைனா தூங்கிக்கொண்டே தலையாட்டுவார். அதை நம்பி ஒரு பயிற்சி முழுவதையும் நான் தப்பாகப் போட்டிருக்கிறேன்.

பள்ளிக்கூடத்தை நான் ஆறாம் வகுப்போடு விட்டேன். படிப்பு வராமல் இல்லை, உட்கார முடியவில்லை. எங்கள் பள்ளி கவரைப்பேட்டையில் ஹைவேயை ஒட்டி இருந்தது. ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் போதும், அதற்குள் நைனாதான் படுத்திருக்கிறார் என்று எனக்கு நிச்சயமாகிவிடும். அவருக்குக் கும்மிடிப்பூண்டி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பி மில்லில் வேலை. பழுக்கக் காய்ந்த இரும்பு பாம்பு மாதிரி நெளிந்து ஓடி வரும் என்று ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார். அவர் பெருமைக்குச் சொன்னார். எனக்கு அன்றோடு நிம்மதி போயிற்று. வகுப்பிலிருந்து எழுந்து ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் இரண்டு தடவை ஓடிவிட்டேன். இரண்டாவது தடவை டீச்சர் கூப்பிட்டனுப்பினார்கள். நைனா யூனிஃபார்மோடு வந்து நின்று, "வுட்டுடுங்க டீச்சர். ஊட்லயே படிக்கட்டும். நான் பத்து பாஸு, சொல்லிக் குடுத்துக்கிறேன்" என்றார். அவர் பத்து பாஸ் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

பிறகு வீடே பள்ளிக்கூடம். எட்டாவதைத் தனியாகப் பரீட்சை எழுதிப் பாஸ் செய்வதாக ஏற்பாடு. அம்மா எஸ்டேட்டில் ஒரு கேன்டீனில் சமையல் வேலைக்குப் போய்விடுவாள். நைனா எந்த ஷிஃப்ட் முடித்து வந்தாலும் முகம் கழுவிவிட்டுப் பாயில் என் பக்கத்தில் உட்காருவார். நான் ஒரு வரி எழுதுவேன், நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்ப்பேன். அவர் தலையாட்டினால்தான் அடுத்த வரி. பதின்மூன்று வயதிலும் இப்படித்தான். தலை ஆடவில்லையென்றால் பேனாவைத் தூக்கியபடியே இருப்பேன்.

அதில்தான் அந்தக் கூத்து நடந்தது. ராத்திரி ஷிஃப்ட் முடித்து வந்தவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு எண்ணை மூன்றால் பெருக்கி ஏழைக் கூட்டினால் இருபத்தெட்டு, அந்த எண் எது என்று கணக்கு. நான் ஒன்பது என்று எழுதிவிட்டு நிமிர்ந்தேன். தலை ஆடியது. அடுத்ததற்கும் ஆடியது. அன்று அவர் எல்லாவற்றுக்கும் நன்றாகவே ஆட்டினார். மறுநாள் நோட்டைப் பார்த்துவிட்டு, "இதுக்கு நானா தலையாட்னேன்?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன்.

அம்மா சிரித்த சிரிப்பில் சோற்றுப் பானை ஆடியது. "நல்லாக்கீதுய்யா உங்க ஸ்கூலு. வாத்தியாரு தூங்கிக்கினே பாஸ் போடறாரு!"

நைனா சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் மில்லில் ஒரு சட்டம் உண்டு. ஷிஃப்ட் முடிந்தாலும் ரிலீவர் வந்து மிஷினைக் கையில் வாங்கிக்கொள்ளாமல் ஆள் நகரக்கூடாது. ரிலீவர் வரவில்லையென்றால் டபுள் ஷிஃப்ட்தான். வருகிறவர் முதலில் "மிஷின் எப்டி ஓடுது?" என்று கேட்க வேண்டும். இருப்பவர் நிலவரத்தைச் சொல்ல வேண்டும். அதற்கப்புறம்தான் வீடு. இதெல்லாம் எனக்குப் பாடத்தை விட நன்றாகத் தெரியும்.

அடுத்த வாரம் நைனாவுக்குக் காலை ஷிஃப்ட். கிளம்பும்போது அதே கணக்குப் பயிற்சியை விரித்து வைத்தார். "பாப்பா, இன்னிக்கு நீதான் ஆப்ரேட்டரு. நான் வந்து ரிலீவ் பண்ற வரைக்கும் மிஷின் நிக்கக் கூடாது. சரியா?"

சரி என்றேன். மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவார் என்ற தைரியம்.

வழக்கமாக அவர் வரும் ரயில் வந்து போன சத்தம் கேட்டது. அவர் வரவில்லை. அடுத்த வண்டியும் போனது. போன் செய்யலாம் என்றால் மில்லுக்குள் போனைக் கொண்டுபோக விடமாட்டார்கள். கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். என் மண்டைக்குள் சிவப்புக் கம்பி நெளிய ஆரம்பித்தது. பழைய நானாக இருந்தால் ஸ்டேஷனுக்கு ஓடியிருப்பேன். ஆனால் ரிலீவர் வராமல் நகரக்கூடாதே. நான் இங்கே எழுந்தால் அங்கே அவருக்கு ஏதாவது ஆகிவிடும் என்று ஒரு கணக்கை எனக்கு நானே போட்டுக்கொண்டேன். புத்தகத்தில் இல்லாத கணக்கு. அதனால் எழுந்திருக்கவில்லை.

பக்கத்து வீட்டில் நைனாவின் அக்கா, என் அத்தை. தட்டில் சோறும் கருவாட்டுக் குழம்பும் கொண்டுவந்து வைத்தாள். "எய்ந்து கைய கழுவிக்கினு வா."

"எய்ந்திருக்கக் கூடாது அத்தை. ரிலீவர் வர்ல."

"எவன்டி அவன்?"

விளக்கிச் சொன்னேன். அத்தை இடுப்பில் கை வைத்து என்னையும் நோட்டையும் மாறிமாறிப் பார்த்தாள். "அப்பனுக்கும் பொண்ணுக்கும் மர கயண்டு போச்சு" என்று சொல்லிவிட்டு, எனக்குக் கை கழுவச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். கொஞ்ச நேரத்தில் தீப்பெட்டி கேட்டு வந்தாள். அப்புறம் அவள் வீட்டுப் பூனை இங்கே வந்ததா என்று கேட்டு வந்தாள். அந்தப் பூனை அவள் காலடியிலேயே நின்றுகொண்டிருந்தது.

கணக்கைப் போடலாம். ஆனால் தலையாட்ட யாருமில்லை. ஒன்பது என்று எழுதிய பழைய விடை பக்கத்தில் அடிக்கப்பட்டுக் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது, அந்த ஒன்பதை எடுத்துக் கணக்குக்குள்ளேயே திருப்பிப் போட்டுப் பார்க்கத் தோன்றியது. மூன்றால் பெருக்கினேன், ஏழைக் கூட்டினேன். முப்பத்துநான்கு வந்தது. இருபத்தெட்டு வரவேண்டிய இடம். எட்டைப் போட்டேன், வரவில்லை. ஏழைப் போட்டேன். இருபத்தெட்டு.

கணக்கே எனக்குத் தலையாட்டியது.

அடுத்ததைப் போட்டு உள்ளே வைத்துப் பார்த்தேன். அடுத்தது. ஒன்று மட்டும் பிடிவாதமாக வராமல் முரண்டு பிடித்தது. மறுபடி முதலிலிருந்து போட்டதும் வழிக்கு வந்தது. பயிற்சி முடிந்தும் ரிலீவர் வராததால், சொல்லித்தராத அடுத்த பயிற்சிக்கும் போனேன். ஹைவேயில் ஆம்புலன்ஸ் போயிருக்கலாம். எனக்குக் கேட்கவில்லை.

விளக்கேற்றும் நேரத்துக்கு அம்மா வந்தாள். அவள் பின்னாலேயே நைனா. வாசலில் நின்றபடி கேட்டார்: "இன்னா, மிஷின் எப்டி ஓடுது?"

அவரைப் பார்த்ததும் அழத் தோன்றியது. ஆனால் டியூட்டியில் அழக்கூடாது. "ஓடுது நைனா. ஒண்ணே ஒண்ணு மக்கர் பண்ணுச்சு. சரி பண்ணிட்டேன். நீ ஏன் லேட்டு?"

"ரிலீவர் நேரத்துக்கு வர்ல பாப்பா. பாதி டபுளு ஓட்டிட்டுதான் வந்தேன்." நோட்டை வாங்கிப் புரட்டினார். தலை ஆடவில்லை. "சரியான்னு என்னைக் கேக்கலியே நீ?"

"எதுக்கு? உள்ள போட்டுப் பாத்துட்டேனே."

துண்டால் முகத்தைத் துடைக்க ஆரம்பித்தவர் வெகுநேரம் துடைத்தார். பிறகு, "சரி, ரிலீவ் பண்ணிட்டேன், எய்ந்திரு" என்றார். நான் நேராகப் பின்பக்கம் கக்கூசுக்கு ஓடினேன். காலையிலிருந்து அடக்கிவைத்தது.

திரும்பி வந்தபோது அம்மா அடுப்பில் பால் வைத்துக்கொண்டிருந்தாள். "எனக்கு டீ வேணாம்" என்றார் நைனா.

"உனக்கா? டீயா? வேணாமா?" என்றாள் அம்மா. வாசலில் அத்தை வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

எனக்குக் கல்யாணமான பிறகுதான் அத்தை அதைச் சொன்னாள். அன்று நைனா வழக்கமான வண்டியிலேயே வந்து இறங்கிவிட்டாராம். கவரைப்பேட்டை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிப்பாராம். எங்கள் தெருமுனை வரைக்கும் நடந்து வந்து, நின்று, திரும்பிப் போய் இன்னொரு டீ குடிப்பாராம். நடுநடுவே அத்தைக்குப் போன்: "யக்கா, பாப்பா இன்னும் குந்திக்கினுதான் கீதா? அய்வுதா? இன்னொருக்கா போய்ப் பாரேன்." அத்தை பேஜாராகிப்போய்க் கடைசியில் பூனையைச் சாக்காக வைத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறாள். வேலை முடிந்து ரயிலிறங்கிய அம்மாதான் பெஞ்சிலிருந்து அவரை எழுப்பிக் கூட்டிவந்திருக்கிறாள்.

இதெல்லாம் அன்றைக்கு எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், நைனா டீ வேண்டாம் என்கிறார் என்பதுதான். டபுள் ஷிஃப்ட்டில் வயிற்றுக்குள் ஏதோ ஆகிவிட்டது, வெளியில் சொல்லாமல் மறைக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டேன். சுக்குக் கஷாயம் போட்டுக் கொடு என்று அம்மாவை நச்சரித்தேன். அவள் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நன்றாகக் காரமாகவே போட்டாள்.

நைனா தம்ளரை வாங்கிக்கொண்டார். நான் பாயில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் ஒரு மடக்குக் குடித்தார், நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் அடுத்த மடக்கைக் குடித்தார்.