கடலுக்குத் தண்ணீர் அடித்தவர்கள்

எங்கள் ஊரில் தீயணைப்பு நிலையம் இருந்தது என்றால் திருகோணமலைப் பட்டினத்துக்காரர்களே சிரிப்பார்கள். சிரிக்கட்டும். வெள்ளைக்காரக் கடற்படை துறைமுகத்தை விட்டுப் போனபோது, சில்லு வைத்த பழைய பம்பு ஒன்று கைமாறிக் கைமாறி எங்கள் கிராமச் சபையின் தலையில் வந்து விழுந்தது. அதற்கு ஒரு தகரக் கொட்டில் போட்டார்கள். துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒருவர் தலைவர். கடற்கரையில் கரைவலை இழுக்கிற ஆட்கள்தான் படை. பம்பை இழுத்துப்போக வாகனம் இல்லாததால் அதையும் அவர்களே இழுத்தார்கள்.

கொட்டில் கரையோரம், என் வீட்டுக்கு நேர் எதிரே. நான் பள்ளிக்கூட ரீச்சர். எதையாவது கண்டால் மூக்கை நுழைக்காமல் இருக்க என்னால் முடியாது. நெருப்பே பிடிக்காத ஊரில் இவர்கள் என்னதான் செய்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். சனிக்கிழமைகளில் பம்பைக் கரைக்கு உருட்டி, ஒரு குழாயைக் கடலில் போட்டு, மற்றக் குழாயால் அதே கடலுக்குள் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தார்கள்.

"என்ன அண்ணை, கடலுக்கோ நெருப்புப் பிடிச்சது?"

"பழகிறம் ரீச்சர். பழகாட்டி இது கிளம்பாது" என்றார் தலைவர். அவருக்குக் கோபமே வராது. எனக்கோ அதுவே எரிச்சல்.

கேள்வி அதோடு நிற்குமா? குழாயை ஏன் மரத்தில் தொங்கவிட்டுக் காயவைக்கிறீர்கள்? பம்பில் ஏன் இத்தனை திருகாணி? கரையோரத்து முருங்கை ஏன் பட்டுப்போனது? கடைசிக் கேள்விக்கு மட்டும் அவர் முகம் சுருங்கியது.

"எங்கட குழாயில வந்த உப்புத் தண்ணிதான் ரீச்சர். மண்ணில இறங்கினா லேசில போகாது."

அந்தப் பதிலை நான் மறக்கவில்லை.

ஆவணி மாதம். கச்சான் காற்று வெக்கையை வாரி இறைத்தது. எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு இருந்த எல்லாக் கிணறும் உவர்த்துப்போக, என் குசினிக்குப் பக்கத்துக் கிணறு மட்டும் நல்ல தண்ணீராய் நின்றது, அதுவும் முழங்கால் அளவு. எல்லா வீட்டுக் குடமும் அங்கேதான் வரும். ஒரு மத்தியானம் அடுப்புப் பொறி பறந்து என் குசினிக் கூரையில் பற்றியது. தென்னோலைக் கிடுகு அல்லவா, கண் மூடித் திறப்பதற்குள் வீட்டுக் கூரைக்குத் தாவிவிட்டது. கோயில் மணி அடித்தார்கள். படை பம்போடு ஓடி வந்து ஒரு குழாயைக் கடலில் போட்டது.

நான் மற்றக் குழாயின் முன்னால் போய் நின்றேன்.

"அண்ணை, கடல் தண்ணியோ அடிக்கப் போறியள்? கிணறு என்னாகும்?"

"முழங்கால் அளவு கிணத்துத் தண்ணி பம்புக்குக் காணாது. உப்புத் தண்ணி அடிச்சா வீடு தப்பும், கிணறு போகும். கெதியாச் சொல்லுங்கோ, வீடோ, கிணறோ?"

ஐயோ, அது என்ன கேள்வி! என் கட்டில், என் புத்தகங்கள், அம்மா தந்த அலுமாரி, எல்லாம் உள்ளே. பிறகு, "கிணறு" என்று கத்தினேன்.

அவர் பம்பைத் திரும்பியும் பார்க்கவில்லை. "கயிறு!" என்றார். கரைவலைக் கயிற்றை கூரையின் வளைமரத்தில் மாட்டி, வலை இழுக்கிற அதே பாட்டோடு இழுத்தார்கள். முறிந்தது கூரை. வீடு முழுதும் முற்றத்தில் சரிந்தது. எல்லோரும் மணலை அள்ளிக் கொட்டினார்கள். நெருப்பு அடுத்த வீட்டு வளவுக்குத் தாவவில்லை.

மறுநாள் பெண்கள் குடத்தோடு வந்து, கரிக்கட்டைகளைச் சுற்றி நடந்து, வழக்கம்போலத் தண்ணீர் அள்ளினார்கள். எனக்கு ஆத்திரம் பொங்கியது. ஏன் கிணறு என்று சொன்னேன், விசரி! அழுதேன்.

சனிக்கிழமை கடலுக்குத் தண்ணீர் அடிக்க ஒருவரும் போகவில்லை. புது மரத்தோடும் கிடுகோடும் என் வளவுக்கு வந்தார்கள். புது வளையில் ஏறி இருந்த தலைவரிடம் கேட்டேன்:

"அண்ணை, நான் வீடு எண்டு சொல்லியிருந்தா?"

"கடல் தண்ணி அடிச்சிருப்பம். வீடு உங்கடயெல்லோ."

"உங்கட வீட்டு ஆக்கள் எங்க தண்ணி அள்ளுறது?"

"இஞ்சதான் ரீச்சர், இந்தக் கிணத்திலதான்."

அடுத்த கிடுகை எடுத்து நீட்டினேன்.