மரத்துப்போச்சு

எங்க பக்கத்து வீட்டு லோகேஸ்வரி நல்ல சத்தக்காரி. கிள்ளான்ல எங்க தாமான் குடியிருப்புக்குள்ள யார் வீட்டு வாசல்ல நின்னாலும், "ஆன்டி, சாப்டாச்சா?"ன்னு கேட்டுக்கிட்டே நேரா அடுப்படிக்குப் போயிடுவா. ஃபேக்டரி கேண்டீன்ல சமைக்கிறா. அவகிட்ட சண்டை போட்டு நான் ஜெயிச்சதே இல்ல.

அந்த டிசம்பர் வெள்ளத்துல அவ புருஷன் ரெங்கசாமியோட லோரி முங்கிப்போச்சு. சொந்த லோரி. அதுக்கப்புறம் மனுஷன் பேச்சையே விட்டுட்டார். வீட்டுல சேறு வாரும்போது ஆணி ஒன்னு காலைக் குத்திருச்சு. இனிப்புநீர்க்காரர் வேற, சர்க்கரை வியாதி. "ஒன்னும் இல்ல லா"ன்னு துணியைச் சுத்திக்கிட்டு வேலையைப் பார்த்தார்.

பொங்கல் முடிஞ்சு யுனிவர்சிட்டியிலேருந்து டாக்டர் சுபா வந்தாங்க. வெள்ளத்துக்கப்புறம் ஜனங்க உடம்பும் மனசும் எப்படி இருக்குன்னு ஆராய்ச்சி. சும்மா வந்து போட்டோ எடுத்துட்டுப் போற கூட்டத்தைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒரே எரிச்சல். இந்தப் பொண்ணு பரவாயில்ல. கோயில் கமிட்டியோட உட்கார்ந்து பேசி, எங்க ஆளுங்களையே கேள்வி கேக்க அனுப்பினாங்க. லோகேஸ்வரியை விட்டா வேற யாரு? பிரிக்பீல்ட்ஸ்ல ஒரு ஆபீஸ்ல வெச்சுப் பயிற்சி குடுத்தாங்க.

கேள்வியெல்லாம் இங்கிலீஷ்லேருந்து தமிழுக்கு மாத்தினது. அதுல ஒன்னு, "கொஞ்ச நாளா மரத்துப்போன மாதிரி இருக்கா?" மனசைத்தான் கேக்குறாங்க. துக்கம் அதிகமானா அழுகைகூட வராம கல்லு மாதிரி உட்கார்ந்திருப்போம் பாருங்க, அது.

ரெங்கசாமிகிட்டயும் இவளே கேட்டா. சொந்த வீட்டுல கேக்கக்கூடாதுன்னு சொல்லித்தான் அனுப்பியிருந்தாங்க. "வேற யாருகிட்டக்கா அவரு வாயைத் திறக்கப்போறாரு?"ன்னா. அவர் டிவியைப் பார்த்துக்கிட்டே, "ஆமா, மரத்துப்போச்சு"ன்னாராம்.

உடனே என் வீட்டுக்கு ஓடி வந்தா. "இந்திராக்கா, சொல்லிட்டாருக்கா! மனசுல இருந்ததைச் சொல்லிட்டாரு!" கண்ணெல்லாம் தண்ணி. அன்னிலேருந்து அவரைத் தாங்கு தாங்குன்னு தாங்கினா. லோரி பேச்சையே எடுக்கல. கோழிப் பெரட்டல், கேசரின்னு ஆக்கிப் போட்டா. "இனிப்புநீர்க்காரருக்குக் கேசரியா? உனக்கென்ன பைத்தியமா?"ன்னு நான் கத்தினேன். "ஒரு வாய்தானேக்கா, பாவம்"ன்னா.

அவங்க வீட்டுல சேத்து நாத்தம் இன்னும் போகல. அதுல கால் நாத்தம் யாருக்கும் தனியா தெரியல. காய்ச்சல்ல சுருண்டு விழுந்த அன்னிக்குத்தான் துணியை அவிழ்த்தோம். ஐயோ, அதை ஏன் கேக்குறீங்க! ஆஸ்பத்திரில முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாங்க. லோகேஸ்வரி ஒரு சொட்டு அழல. "சரி டாக்டர்"னு கையெழுத்துப் போட்டா, மறுநாள் கேண்டீனுக்குச் சமைக்கப் போயிட்டா. எனக்குத்தான் வயித்தெரிச்சல் தாங்கல.

அப்புறம் சுபா போன் பண்ணாங்க. ஸ்பீக்கர்ல போட்டிருந்தா, நானும் பக்கத்துல இருந்தேன். மரத்துப்போச்சுன்னு சொன்னவங்க முக்காவாசிப் பேரு இனிப்புநீர்க்காரங்களா இருக்காங்களே, நீங்க எப்படிக் கேட்டீங்கன்னு விசாரிச்சாங்க. இவ கேட்ட மாதிரியே சொல்லிக் காட்டினா.

"அக்கா, அவங்க கால் மரத்துப்போனதைச் சொல்லியிருக்காங்க. நாங்க அந்தத் தமிழை யோசிச்சிருக்கணும்"னாங்க. குரலே சரியில்ல.

மறுநாளே நர்ஸைக் கூட்டிக்கிட்டு வந்துட்டாங்க. வீடு வீடா போய், செருப்பைக் கழட்டுங்க, பாதத்தைக் காட்டுங்கன்னு பார்த்தாங்க. ரெண்டு பேரை அப்பவே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாங்க. நல்ல வேளை, அவங்க கால் தப்பிச்சது. லோகேஸ்வரியும் கூடவே நடந்தா. பேச்சுக் குடுத்தா உம்முன்னா, அவ்வளவுதான்.

கடைசியா அவ வீடு. நாங்க வாசல்லயே நின்னுட்டோம். அவ உள்ள போய் அவர் பக்கத்துல உட்கார்ந்தா.

"என்னங்க, அன்னிக்கு மரத்துப்போச்சுன்னீங்களே, காலைத்தான் சொன்னீங்களா?"

"பின்ன?"

"அப்ப ஏங்க கிளினிக்குக்குப் போகாம இருந்தீங்க?"

ரெங்கசாமி அவ முகத்தையே பார்த்தார். கோவம்கூட இல்ல.

"நீதான் எழுதிக்கிட்டியே ஈஸ்வரி. டாக்டருங்க பார்ப்பாங்கன்னு சொன்னே. கூப்பிடுவாங்கன்னு காத்துக்கிட்டு இருந்தேன்."